மூலை டின்

ஐஸ் பேக்டரிக்கும் அக்கா வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி முனகும். அங்கே போன முதல் வாரம் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிறகு மெஷின் நின்றால்தான் விழிப்பு வந்தது. கோடையில் தெருத் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்தால் மட்டும் ஈரத்துணி போர்த்தியதுபோல் இருக்கும். அக்கா அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள், துணி தைப்பாள், தூங்குவாள்.

அத்தான் மெஷின்காரர். அந்த வேலைக்காக முதலாளி கொடுத்த வீடு அது. ஓர் அறையும் அடுப்படியும். நான் நாலு தெரு தள்ளி ஒரு புத்தக பைண்டிங் கடையில் மடித்த அச்சுத்தாள்களைத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த அடுப்படித் தரை மட்டும்தான்.

பேக்டரிக்குள் தரை முழுக்கப் பலகை. பலகைக்குக் கீழே உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் நாற்பது தகர டின்கள் கழுத்துவரை முங்கி நிற்கும். டின்னில் நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒரு பகல் ஓர் இரவில் பாளமாகிவிடும். சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வந்த கையோடு அதன்மேல் வெண்பனி பூத்துவிடும். மரத்தூளைக் கொட்டி, சாக்கைப் போர்த்தி வண்டியில் ஏற்றுவார்கள். பனி கரைந்து பாளம் தெளிய அரைமணி நேரமாகும். அதற்குள் அது மீன்கடையிலோ சாறுக்கடையிலோ சாவு வீட்டிலோ இருக்கும்.

நாற்பதாவது டின் மூலையில் இருந்தது. குளிர்த்தண்ணீர் அங்கே சரியாகச் சுற்றி வராது. மற்ற டின்கள் ஒரு நாளில் உறைந்தால் அது இரண்டு நாள் எடுக்கும். முதலாளி அதைத் தண்ட டின் என்பார். ஆனால் மெல்ல உறைகிற ஐஸுக்கு ஒரு குணம் உண்டு, அது கண்ணாடி மாதிரி வரும். அத்தானுக்குச் சோறு கொண்டுபோகிற அக்காதான் அதை முதலில் கவனித்தாள். “இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். “எடுத்துக்க, தண்ட டின்னுக்குத் தண்டப் பொண்டாட்டி” என்று அத்தான் சிரித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொண்டுபோய் ஊற்றுவாள். டின் வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து நூல்கள். நூலில் இலை, இறகு, உதிர்ந்த பூ, உடைந்த வளையல், சட்டைப் பொத்தான். டின்னின் ஓரம் முதலில் உறைந்து நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, அழுக்கெல்லாம் அங்கேதான் சேரும். அதை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். ஞாயிறு மதியம் பாளத்தை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் சந்தே கூடிவிடும்.

இலையையும் இறகையும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். பைண்டிங் கடையில் புத்தக முதுகில் பெயர் பதிக்கிற தங்கத்தாளின் ஓரம் மிஞ்சும். அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். மிட்டாய்த் தாள்கள் கொண்டுவருகிறவர் சாக்குக்காரர்.

சாக்குக்காரர் பேக்டரியில் பாரம் தூக்குகிறவர். ஐம்பது வயது இருக்கும். கோடையானாலும் மழையானாலும் வலது தோளில் மடித்த சாக்கு ஒன்று கிடக்கும். வண்டி போகிற வழியில் பளபளவென்று எது கிடந்தாலும் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். அவர் மனைவிக்குக் கண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாளத்தின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கும்போது, அவர் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

“என்ன அண்ணே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பாக்கிறீங்க?” என்பாள் அக்கா.

“வீட்டுல கேப்பாளேம்மா, இன்னிக்கு என்ன படம்னு. தப்பாச் சொன்னா கண்டுபிடிச்சிடுவா.”

“கண்ணு தெரியாதவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“போன வாரம் சொன்னதுக்கும் இந்த வாரம் சொல்றதுக்கும் ஒத்துவரலேன்னா விடமாட்டா. போலீஸு.”

அடுத்த விளையாட்டு, எது முதலில் விழும் என்பது. பாளம் கரையக் கரைய ஓரத்தில் இருப்பது முதலில் வெளியே வரும். பந்தயம் ஒரு துண்டு வெள்ளரிக்காய்.

“சிவப்புப் பொத்தான்” என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர். “பொத்தானைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“பொத்தான் இருக்கட்டும், எங்க வீட்டுச் சட்டையில ஒண்ணைக் காணோம்” என்பாள் வெல்டரின் மனைவி. “ஏய், திருடிக் கிருடி வச்சியாடி?”

“கேட்டா குடுத்திருக்க மாட்டே, அதான்” என்பாள் அக்கா.

தனக்கு ரொம்பப் பிடித்ததை அவள் நட்டநடுவில் வைப்பாள். அது கடைசியில்தான் விழும். அதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிமெண்டுத் தரையில் ஈரமும் அவளும் மட்டும் இருப்பார்கள்.

அந்த வருஷம் வெயில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. கையிலிருந்த தங்கத்தாள் முழுவதையும் அக்கா ஒரே வாரத்தில் வெட்டினாள். எட்டுப் பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருத்தி பாவாடை நீல மிட்டாய்த் தாள், ஒருத்தியுடையது பச்சை. பக்கத்தில் தொந்தி வைத்த ஒருவன் மேளம் அடிக்கிறான். நடுவில் ஒருவன் குடித்துவிட்டு மல்லாக்க விழுந்து கிடக்கிறான், இரண்டு பாதங்களும் வானத்தைப் பார்த்து. நூல் கட்டுகிற வேலை அதிகம் என்று வியாழக்கிழமையே ஊற்றிவிட்டாள்.

“இவன் யாருடி தெரியுதா?” என்று, ஊற்றுவதற்கு முன்னால் குடிகாரனை எனக்குக் காட்டினாள்.

“அத்தான் மூக்கு மாதிரி இருக்கு.”

“வாயை மூடு. அவருக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு” என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டின்னைப் பார்த்துவிட்டு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

“ஏங்க, மூலை டின்னுல இருந்தது எங்க?”

“போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“மரக்கடைக்காரர் செத்துட்டாரு. எட்டுப் பாளம் கேட்டாங்க, ஏழுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துப் போட்டேன்.”

“அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

“பனி பூத்து வெள்ளையா இருந்துச்சு. என்ன, உன் இலையும் தழையும்தானே? பூ போட்டா சாவு வீட்டுக்கு நல்லாத்தான் இருக்கும்.”

அக்கா சொன்னாள். மேளக்காரன்வரை சொல்லும்போது அத்தான் மென்றுகொண்டிருந்தார். மல்லாக்கக் கிடப்பவனைச் சொன்னதும் மெல்லுவது நின்றது. பிறகு சிரித்தார். புரையேறும்வரை சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இந்நேரம் தெளிஞ்சிருக்குமே” என்றார்.

வண்டிச் சத்தம் கேட்டது. சாக்குக்காரர் முற்றத்தில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். தோள் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தெளிஞ்சிடுச்சும்மா” என்றார்.

அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார்.

“மொதல்ல ஒரு சின்னப் புள்ளதான் பாத்துச்சு. சிரிச்சிடுச்சு. சாவு வீட்டுல என்ன சிரிப்புன்னு அதுக்கு முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. அது கையை நீட்டிக் காட்டுச்சு. அப்புறம் ஆளுக்காளு குனிய ஆரம்பிச்சாங்க. அந்தம்மா, செத்தவரு வீட்டுக்காரம்மா, அவங்களும் குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ‘இது அவரு, சுத்தி ஆடுறது யாரு?’ன்னு கேட்டாங்க.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தம்பிக்காரர்தான் குதிக்கிறாரு. எவனோ வேணும்னே பண்ணியிருக்கான்னு. காலையில வரேன்னு சொல்லியனுப்பினாரு.” சாக்குக்காரர் சாக்கின் முனையைப் பிழிந்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும்மா. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. மேளம் அடிக்கிறவன் கையி அசையிற மாதிரியே இருந்துச்சு.”

அவர் போன பிறகு அத்தான் கை கழுவிவிட்டு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“நாளைக்கு அவங்க வரும்போது நீ அடுப்படியை விட்டு வெளிய வராதே.”

“நான்தானே செஞ்சேன்.”

“செஞ்சது நீ. எடுத்துக் குடுத்தது நான். நீ வாயைத் திறந்தா என் வேலை போகும். வேலை போனா வீடு போகும். உன் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு எங்க போவே? கடைக்காரன் இவளைப் புத்தகத்தோட சேத்து அடுக்கி வச்சுக்குவானா?”

“அப்ப யாரு செஞ்சதுன்னு சொல்வீங்க?”

“குப்பை பொறுக்குறவன் ஒருத்தன் இருக்கான்ல.”

“அண்ணனுக்கு வீட்டுல கண்ணு தெரியாத பொம்பளை இருக்கு.”

“இருக்கட்டும். அவனுக்கு எங்க போனாலும் தோளு இருக்கு. எனக்கு இந்த மெஷின்தான் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே தரை சுட்டது. முதலாளியும் மரக்கடைக்காரரின் தம்பியும் வந்தார்கள், கூட இரண்டு பேர். சந்து ஜனங்களும் வந்து நின்றார்கள். சிலர் அன்றைய பாளத்தைப் பார்க்கச் சீக்கிரமே வந்தவர்கள். வெல்டரின் மனைவி கையில் நறுக்கிய வெள்ளரிக்காய்த் தட்டு இருந்தது. எனக்கு அன்று கடை லீவு. அடுப்படிக் கதவின் பின்னால் நானும் அக்காவும் நின்றோம். கதவில் ஒரு கை அகலத்துக்குச் சந்து.

“ஏம்ப்பா, யார் வேலை இது?” என்றார் முதலாளி.

அத்தான் தயங்கவே இல்லை. “சாக்குக்காரன்தாங்க. தெருவுல கிடக்கிற குப்பையெல்லாம் பொறுக்கிட்டு வந்து டின்னுல போடுவான். எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.”

சாக்குக்காரர் அடுப்படிக் கதவை ஒருதரம் பார்த்தார். ஒரே தரம். அக்கா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவள் கதவில் கையை வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விடவில்லை. அடுப்படித் தரையில் சுருட்டி வைத்திருந்த என் பாயைத்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா, வாயில கொழுக்கட்டையா?” என்றார் தம்பிக்காரர்.

“தாளு நான் கொண்டாந்ததுதாங்க” என்றார் சாக்குக்காரர்.

அது பொய்யில்லை.

“எங்க அண்ணன் பொணத்துக்கு ஆட்டம் காட்டுறியா? அவ்வளவு ஆசையா ஐஸ் மேல? சாக்கை எடு.”

சாக்குக்காரருக்குப் புரியவில்லை.

“தோள்ல கிடக்கிற சாக்கை எடுடா. சட்டையையும் கழட்டு.”

உள்ளே ஓடி ஓர் அரைப்பாளத்தைத் தூக்கிவந்தது அத்தான்தான். யாரும் அவரிடம் கேட்கவில்லை. வெற்றுத் தோளில் அதை ஏற்றினார்கள். சாக்குக்காரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

“கரையிற வரைக்கும் நில்லு” என்றார் தம்பிக்காரர். வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தையல்காரர், “இந்த வெயிலுக்கு நமக்கு ஒண்ணு கிடைக்கலையே” என்றார். ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஐஸின்மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தவர்கள்தான். யார் செய்தது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

ஐஸ் முதலில் குளிரும், பிறகு சுடும், பிறகு ஒன்றும் தெரியாது. சாக்குக்காரர் முகத்தில் அது ஒவ்வொன்றாக வந்து போவதைக் கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். தண்ணீர் அவர் மார்பில் வழிந்து வேட்டியை நனைத்து, தரையில் விழுந்த இடத்திலேயே காய்ந்தது. வெல்டரின் மனைவி தன் பையனுக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

“அதை நான்தான் செஞ்சேன். அவர் இல்லை” என்றாள். “அது சாவு வீட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாகிட்ட வந்து கால்ல விழுறேன். அவரை இறக்கச் சொல்லுங்க.”

தம்பிக்காரர் அவளைப் பார்த்தார். “இது யாரு?”

“மெஷின்காரன் சம்சாரம்” என்றார் முதலாளி. “இளகின மனசு. யாராவது கஷ்டப்பட்டா தான்தான் பண்ணேன்னு வந்து நிக்கும். உள்ள போம்மா.”

“இல்லைங்க. தாளு வெட்டினது நான். டின்னுல தொங்க விட்டது நான். இவங்க எல்லாருக்கும் தெரியும், கேளுங்க.”

தம்பிக்காரர் சுற்றிலும் பார்த்தார். தையல்காரர் செருப்பைப் பார்த்தார். வெல்டரின் மனைவி தட்டை முந்தானையால் மூடினாள்.

முதலாளி எழுந்துவந்து அக்காவை அடுப்படி வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். கதவின் பின்னால் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்டுப் பிள்ளைங்களே ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுத்தானே போகுது. ஆனா யாராவது ஒருத்தர் நிக்கணும்ல. உன்னை நிக்க வைக்க முடியுமா? உன் புருஷனை நிக்க வச்சா நாளைக்கு மெஷினை யாரு ஓட்டுறது?”

கொஞ்ச நேரத்தில் தம்பிக்காரருக்கே சலித்துவிட்டது. சாவு வீட்டில் ஆயிரம் வேலை. எழுந்து போனார். கூட்டமும் போனது. யாரும் இறக்கு என்று சொல்லாததால் சாக்குக்காரர் நின்றுகொண்டேயிருந்தார். அக்கா போய்ப் பாளத்தை வாங்கினாள். அது சதையோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி எடுத்தோம். தோளில் ஒரு கை அகலத்துக்குத் தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“அண்ணே” என்றாள் அக்கா.

சாக்குக்காரர் சட்டையைப் போட முயன்றார். கை மேலே போகவில்லை. சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எதுக்கும்மா இப்ப வந்து சொன்னே?” என்றார். “சொல்றதா இருந்தா ஏத்துறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும். இல்லேன்னா சொல்லாமயே இருந்திருக்கணும். இப்ப நான் நின்னதும் வீணாப் போச்சு, நீ சொன்னதும் வீணாப் போச்சு.”

சாக்கை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். “வீட்டுல கேப்பா, இன்னிக்கு என்ன படம்னு” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முதல் அவருக்கு அங்கே வேலை இல்லை.

அத்தான் அக்காவை அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார். பின்னால் அதை ஒரு வேடிக்கைக் கதையாகவே ஆக்கிக்கொண்டார். மீன்கடைக்காரரிடம், சாறுக்கடைக்காரரிடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மேளக்காரனை நடித்துக் காட்டுவார். அக்கா பக்கத்தில் நின்று டின் கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கோடை முழுக்க மூலை டின்னில் அவள் எதுவும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. ஒருநாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்திருந்தபோது நானாகப் பேச்சை எடுத்தேன்.

“நான் பிடிச்சிருக்கலேன்னா நீ முன்னாலேயே போயிருப்பேக்கா.”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நீ அப்பவே விட்டுட்டேடி” என்றாள்.

“எப்போ?”

“ஐஸைத் தூக்கிட்டு வரும்போதே விட்டுட்டே. அதுக்கப்புறம் நான்தான் நின்னேன். அவருக்கு வலிக்குதா இல்லையான்னு பாத்துக்கிட்டே நின்னேன். கொஞ்ச நேரத்துல விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.” வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். “நீ இதைச் சுமக்காதே. என்னோடது.”

அடுத்த வருஷம் வெயில் தொடங்கியதும் முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மரக்கடைத் தம்பிக்காரர் மகளுக்குக் கல்யாணமாம். விருந்து மேசைக்கு நடுவில் வைக்க ஒரு பாளம் வேண்டுமாம். “அன்னிக்கு அண்ணன் வீட்டுல வச்ச மாதிரியே, ஆடுற பொம்பளைங்க எல்லாம் இருக்கணும். கீழ கிடக்கிறவன் மட்டும் வேண்டாம்” என்று சொன்னாராம்.

“அவருக்கு அப்பவே மனசுல பிடிச்சிருக்கு பாரு” என்றார் அத்தான், பெருமையாக.

அக்கா முடியாது என்றாள். அத்தான் சுவரைத் தட்டிக் காட்டினார். “இது யாரோட சுவர்?” என்று மட்டும் கேட்டார்.

ஒன்று போனதும் நாலு பேர் கேட்டார்கள். வாரத்துக்குப் பத்துப் பாளம் என்று ஆனது. மூலை டின் போதாமல் பக்கத்திலிருந்த ஒன்பது டின்களையும் அவளிடம் விட்டார்கள். ஆடுகிற பெண்கள், பூங்கொத்து, ஜோடிப் புறா என்று முதலாளி மூன்று மாதிரிகளை முடிவு செய்தார். அவற்றைத் தவிர வேறு எதுவும் வெட்டக்கூடாது. குளிர்த்தண்ணீரில் நாள் முழுக்கக் கையை வைத்து அவள் விரல் நுனிகள் வெடித்தன. உறிஞ்சித் துப்புகிற குழாய்த் தண்ணீர் நெஞ்சில் இறங்கிச் சளி கட்டியது. கோடையில் இருமுகிற ஒரே ஆள் எங்கள் அக்காதான் என்று சந்தில் கேலி பேசினார்கள். அவளும் சிரிப்பாள். இருமல் வந்து சிரிப்பை முடித்துவைக்கும்.

இரண்டாவது வருஷம் முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. பெண்களும் புறாவும் எதற்கு? அந்த இடத்தில் பேக்டரி பெயரையும் போன் நம்பரையும் போட்டால் விருந்துக்கு வருகிற நூறு பேர் பார்ப்பார்களே. அதன்பிறகு அவள் எழுத்துகளும் எண்களும் மட்டும்தான் வெட்டினாள். தங்கத்தாளுக்குப் பைண்டிங் கடையில் என்னை ஒரு கட்டு வாங்கிவரச் சொன்னார்கள். சாயங்காலங்களில் இரண்டு பேரும் விளக்கடியில் உட்கார்ந்து வெட்டுவோம். நான் எழுத்துகள், அவள் எண்கள். எண்களை என்னிடம் கொடுக்கவே மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது கோடையில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் செத்துப்போனாள். சுவரில் சாய்ந்தபடியே. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் அத்தான் பேக்டரியிலிருந்து நாலு பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறையில் பெஞ்சின்மேல் அவளைக் கிடத்தி, கீழே ஒரு பெரிய தகரத் தட்டில் நாலையும் வரிசையாக வைத்தார்கள். பாளங்கள் பனி பூத்து வெள்ளையாக இருந்தன. நான் எதிரே உட்கார்ந்தேன். வருகிறவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நான் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்குக்காரர் வந்தார். இப்போது கடைகளுக்குத் தண்ணீர்க் குடம் சுமக்கிறார், இடது தோளில். என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“மூலை டின்னா?” என்றார்.

“தெரியலண்ணே. தெளியட்டும்.”

தெளிந்தது. நாலு பாளங்களிலும் பேக்டரியின் பெயர். கீழே ஏழு எண்கள்.

“சாதா ஐஸ் இல்லையா அத்தான்?” என்றேன்.

“சீசன்ல சாதா ஐஸ் எங்க மிஞ்சுது? விருந்துக்கு வச்சிருந்ததைத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. “நல்ல ஐஸுதான். அவளுக்குன்னு சொன்னதும் முதலாளி ஒண்ணும் சொல்லலை.”

அன்று யாருக்கும் கோபம் வரவில்லை. யாரும் குனிந்து பார்த்துத் திடுக்கிடவில்லை. தையல்காரர் மட்டும் குனிந்து பார்த்தார். அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அளவு எழுதுகிற சீட்டின் பின்பக்கம் நம்பரைக் குறித்துக்கொண்டார். “தெளிவா வெட்டியிருக்கா பாவம்” என்றார்.

சாக்குக்காரருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் நாலு பாளங்களையும் பழையபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நடுவுல இருக்கே, அது என்னது?”

“ரெண்டுண்ணே. போன் நம்பர்.”

“ரெண்டுக்குக் கண்ணு உண்டா?”

நான் குனிந்தேன். நடு எண்ணான இரண்டின் வளைந்த தலையில் ஊசியால் குத்திய ஒரு துளை. முனையில் மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு, அலகு. அது நீரில் போகிற ஒரு பறவை. இரண்டாவது பாளத்தில் அலகு திறந்திருந்தது. மூன்றாவதில் பறவை பின்னால் திரும்பிப் பார்த்தது. நாலாவதில் அதன் அலகில் புல்லோ மீனோ ஏதோ ஒன்று. இத்தனை விருந்துகளுக்கு இத்தனை நூறு பாளங்கள் போயிருக்கின்றன. ஒருவரும் சொன்னதில்லை. விளக்கடியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் பார்த்ததில்லை.

“நடுவுல வச்சிருக்கா” என்றார் சாக்குக்காரர். “கடைசியிலதான் விழும்.”

அவளை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பும்போது மணி நாலு. பெஞ்சு காலியாக இருந்தது. பாளங்கள் பாதிதான் கரைந்திருந்தன. நானும் சாக்குக்காரரும் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். ஒரு பாளத்தின் ஓரத்தில் ஐந்து என்ற எண் ஐஸைவிட்டு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“எது மொதல்ல விழும்?” என்றார் அவர்.

“அஞ்சு.”

“நான் அந்தப் பக்கம் தலை பெருத்து நிக்குதே, அதுங்கிறேன். பந்தயத்துக்கு வெள்ளரிக்காய் இல்லையே.”

“இருக்குண்ணே. அக்கா நேத்து வாங்கினது உள்ள இருக்கு.”

அத்தான் அடுப்படியிலிருந்து ஒரு பானையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆவி பறந்தது.

“கொஞ்சம் நகருங்க. தட்டு பேக்டரியோடது. சாயங்கால லோடுக்கு வேணுமாம்” என்றார்.

ஒரே வீச்சில் நாலு பாளங்களின்மேலும் ஊற்றினார். படபடவென்று வெடித்து எல்லாம் சரிந்தது. தங்க எண்களும் எழுத்துகளும் மரத்தூளும் கலந்து தட்டு நிரம்பி, வழிந்து, சாக்கடைப் பக்கம் ஓடின. எது முதலில் விழுந்தது என்று எங்கள் இரண்டு பேராலும் பார்க்க முடியவில்லை.